தீயணைப்பு வண்டி ஏன் பக்கத்து நிலையத்திலிருந்து வரவில்லை?

கேள்வி இதுதான்: ஒரு வட்டாரம் முழுவதற்குமான தீயணைப்பு மீட்புப் பணி எப்படி இயங்குகிறது? அழைப்பு வந்ததும் பக்கத்து நிலையத்து வண்டி கிளம்பிப் போகிறது, அவ்வளவுதானா? அப்படியானால் சில நேரம் தொலைவிலிருந்து வண்டி வருவது ஏன்? வந்தவர்கள் உடனே தண்ணீர் அடிக்காமல் கட்டடத்தைச் சுற்றி நடப்பது ஏன்? தீ இல்லாத நாளில் என்ன செய்கிறார்கள்?

நான் முதலில் வண்டியிலும் பின்னர் கட்டுப்பாட்டு அறையிலும் வேலை பார்த்தவன். வண்டியில் இருந்தவரை, கண்ணெதிரே எரிவதை அணைப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது பாதி வேலை என்று தெரிந்தது. இங்கே ஒரு தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வட்டாரத்தின் வேறொரு மூலையிலிருந்து அடுத்த அழைப்பு வரலாம். அதற்கும் ஆளும் வண்டியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுத் தீ எவ்வளவு வேகமானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஒரே மாதிரியான கூடங்களை அமைத்து எரித்துப் பார்த்தது. ஒன்றில் மரம், பருத்தி என்று பழைய காலத்துச் சாமான்கள். இன்னொன்றில் இன்று எல்லா வீட்டிலும் இருக்கும் நுரைமெத்தை சோபா, பிளாஸ்டிக், செயற்கை இழைத் திரைச்சீலை. பழைய கூடம் முழுவதும் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. புதிய கூடத்துக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. இப்படி முழுவதும் பற்றிக்கொள்வதை ஃபிளாஷ்ஓவர் என்போம். கூரைக்கடியில் தேங்கும் புகை 500, 600 டிகிரியைத் தொட்டதும் அதன் அனல் பட்டு அறையில் உள்ள எல்லாப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும். அதன்பிறகு முழுப் பாதுகாப்பு உடை போட்டவரும் அந்த அறையில் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆக, எங்கள் கணக்கெல்லாம் நிமிடங்களில்தான். அழைப்பை எடுத்துப் புரிந்துகொள்ள ஒரு நேரம், உடை மாட்டி வண்டி கிளம்ப ஒரு நேரம், சாலையில் ஒரு நேரம். முழுநேரப் படைகளுக்கான 1710 என்ற அமெரிக்கத் தரநிலை, தீ அழைப்புக்குக் கிளம்ப 80 வினாடி, முதல் வண்டி போய்ச் சேர 4 நிமிடம் என்று வைத்து, நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது அதை எட்டச் சொல்கிறது. நிலையத்தை எங்கே கட்டுவது என்பதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தால் போதாது. ரயில்வே கேட், ஆற்றுப்பாலம், சந்தை நாளில் அடைபடும் தெரு எல்லாம் கணக்கில் வரும். மாலை ஆறு மணிக்கு அந்த வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும்.

எல்லா நிலையத்திலும் இரவும் பகலும் ஆள் வைத்திருக்க எந்த வட்டாரத்தாலும் முடியாது. நகர்ப்பகுதியில் முழுநேர வீரர்கள் ஷிப்ட் முறையில் நிலையத்திலேயே இருப்பார்கள். ஊர்கள் சிதறிக் கிடக்கும் இடங்களில் பல நாடுகள் அழைப்பில் வரும் வீரர்களை நம்பியிருக்கின்றன. அவர்களுக்கு வேறு தொழில் உண்டு. இடுப்பில் இருக்கும் கருவி ஒலித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடி வருவார்கள். ஜெர்மனியில் தீயணைப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தன்னார்வலர்கள். அமெரிக்காவிலும் பெரும்பான்மை அவர்கள்தான். இவர்கள் பயிற்சியில் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ள சிக்கல் வேறு. ஒரு நிலையத்தில் வண்டி இருக்கும், அதை எடுக்கத் தேவையான ஆட்கள் அந்தப் பகல் வேளையில் ஊரில் இருக்க மாட்டார்கள். வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதை விட்டுவிட்டு ஏன் அங்கிருந்து வருகிறது?" என்று மக்கள் கேட்பது நியாயம்தான். ஆள் இல்லாத வண்டி எங்கள் பட்டியலில் இல்லாத வண்டி.

இப்போது கட்டுப்பாட்டு அறைக்கு வருவோம். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றபோது, அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1937 ஜூன் 30 அன்று லண்டனில் தொடங்கிய 999. அவசர அழைப்புக்கென்று தனி எண் வைக்கும் பழக்கம் உலகெங்கும் அதற்குப் பிறகுதான் பரவியது.

அழைப்பவரிடம் நாங்கள் முதலில் கேட்பது இடம். பேச்சு அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். "நான் இங்கே தவிக்கிறேன், இவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களே" என்று பலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியை நான் கேட்கும்போதே பக்கத்தில் இருப்பவர் வண்டியைக் கிளப்பியிருப்பார். அதன்பிறகு கேட்பதெல்லாம் போகிறவர்களுக்கான தகவல். உள்ளே யாராவது இருக்கிறார்களா, எந்த மாடி, சிலிண்டர் இருக்கிறதா, கதவை மூடினீர்களா?

எந்த மாதிரி இடத்துக்கு முதல் அலையில் எத்தனை வண்டி என்பது முன்பே முடிவாகியிருக்கும். குப்பைத்தொட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு, மருத்துவமனைக்கோ மாடிக்கட்டடத்துக்கோ இன்னும் அதிகமும் ஏணி வண்டியும் என்று ஒவ்வொரு படையும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஏணி வண்டி, படகு, ரசாயனக் கசிவு வண்டி, இடிபாட்டு மீட்புக் குழு போன்றவற்றை ஊருக்கு ஒன்று வைக்க முடியாது. வட்டாரத்தில் ஓரிரண்டு இடத்தில் நிறுத்தி எல்லோருக்கும் பொதுவாக்குவோம். தொலைவிலிருந்து வண்டி வருவதற்கு இது அடுத்த காரணம். உங்கள் இடத்துக்குத் தேவையான கருவி அதில்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறு நிலையம் உள்ள வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கிடங்கு எரிகிறது. நடு நிலையமும் பக்கத்து இரண்டும் அங்கே போய்விட்டன. மிச்சம் இருக்கும் மூன்றும் ஓரத்தில் இருக்கின்றன. மக்கள் நெருக்கமாக வாழும் நடுப்பகுதி முழுவதும் இப்போது வெறுமை. அங்கே ஒரு வீடு பற்றினால் ஓரத்திலிருந்து வண்டி வர இருபது நிமிடம் ஆகலாம். அதனால் ஓரத்து வண்டி ஒன்றை எடுத்து, எரியும் இடத்துக்கு அனுப்பாமல், காலியாகக் கிடக்கும் நடு நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். காப்பு நகர்த்தல் என்று இதைச் சொல்லலாம். பெரிய தீ எரியும்போது ஒரு வண்டி வேறோர் ஊர் நிலையத்தில் சும்மா நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அந்த வண்டி நின்றுகொண்டே வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்த நகர்த்தலைச் செய்யாமல் விட்டு, அடுத்த அழைப்பு அந்த ஓட்டையில் வந்து விழுந்தால், அந்த இரவை மறக்கவே முடியாது.

இதனால்தான் களத்தில் உள்ள அலுவலர் கூடுதல் உதவியைச் சீக்கிரமே கேட்க வேண்டும் என்று அடித்துச் சொல்லித் தருகிறார்கள். தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு வண்டியும் தீயை விட ஒரு படி பின்னால்தான் வந்து சேரும். பிரிட்டிஷ் மரபில் கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் அடிக்கும் வண்டியை அங்கே பம்ப் என்பார்கள். "இன்னும் மூன்று பம்ப்" என்று கேட்காமல், "பம்ப் எட்டு" என்று மொத்த எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருப்பவை எண்ணிக்கையில் சேர்ந்தனவா என்ற குழப்பம் அங்கே எழாது.

வட்டாரமே போதாமல் போகும்போது எல்லையைத் தாண்டி உதவி வர வேண்டும். அது காகிதத்தில் எளிது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றியது. வாஷிங்டனிலிருந்து ரயிலேறி எஞ்சின்கள் வந்தன, பிலடெல்பியா, நியூயார்க் படைகளும் வந்தன. வந்தவர்களில் பலருடைய ஹோஸ் இணைப்பு பால்டிமோரின் ஹைட்ரன்டில், அதாவது தீயணைக்கத் தெருவோரம் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயில், பொருந்தவில்லை. ஆளும் எஞ்சினும் தண்ணீரும் இருந்தும் இணைக்க வழியில்லை. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிறகு கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் 600க்கு மேற்பட்ட அளவுகளில் இணைப்புகள் புழங்கியது தெரிந்தது. தரநிலை வந்தும் எல்லோரும் மாறிவிடவில்லை. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்தபோதும், அங்கிருந்த ஹைட்ரன்டுகளின் 3 அங்குல வாயோடு வெளியூர்ப் படைகளின் இரண்டரை அங்குல ஹோஸ் பொருந்தாமல் திண்டாடினார்கள். பிரிட்டனில் போர்க்காலத்தில் சுமார் 1,600 உள்ளூர்ப் படைகள் ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கட்டளைமுறை என்று இருந்ததால், 1941இல் எல்லாவற்றையும் ஒரே தேசியப் படையாக இணைத்தார்கள். 1948இல் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பழைய சிறு படைகளுக்குக் கொடுக்கவில்லை, மாவட்ட அளவிலான பெரிய அமைப்புகளிடம் கொடுத்தார்கள். வட்டாரப் படை என்ற அளவுக்குப் பின்னால் இத்தனை பட்ட அனுபவம் இருக்கிறது.

சரி, வண்டி வந்துவிட்டது. ஏன் உடனே தண்ணீர் அடிக்கவில்லை?

முதலில், சுற்றி நடப்பவர் பொழுதுபோக்க நடக்கவில்லை. முன்பக்கம் வெறும் புகை தெரியும் வீட்டின் பின்பக்க ஜன்னலில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கலாம். புகையின் நிறம், அது சோம்பலாக வருகிறதா, மூச்சுவிடுவதுபோல உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறதா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். காற்றுப் பற்றாமல் உள்ளே திணறும் தீக்கு, கண்ணாடியை உடைத்துக் காற்றுக் கொடுத்தால் அது வெடித்துக்கொண்டு வெளியே வரும். உதவி செய்கிற ஆர்வத்தில் அக்கம்பக்கத்தார் கதவையும் ஜன்னலையும் உடைத்து வைப்பது அதனால்தான் எங்களைப் பதற வைக்கும். சுற்றி வரும் அந்த ஒரு நிமிடத்தில், உள்ளே போவதா, வெளியிலிருந்து அடிப்பதா, பக்கத்துக் கட்டடத்தைக் காப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஐரோப்பிய நகர வண்டி ஒன்றில் இருப்பது சுமார் 1,800 லிட்டர். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் 4 நிமிடத்தில் தொட்டி காலி. ஆகவே முதல் வண்டி ஹோஸின் முனையான நாசிலைத் தூக்கும்போதே அடுத்த வண்டி ஹைட்ரன்டையோ குளத்தையோ தேடிப் போக வேண்டும். நீளமான ஹோஸில் உராய்வு அழுத்தத்தைத் தின்னும். ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் தொலைவான நீர்நிலையிலிருந்து கொண்டுவர இடையிடையே பம்ப் வைத்துக் கைமாற்ற வேண்டியிருக்கும். மேலே ஏற்றுவதும் அப்படித்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் அழுத்தம் போய்விடும். முப்பது மாடிக்குத் தண்ணீர் ஏற்ற, நாசிலில் ஒரு சொட்டு வருமுன் 9 பார் தீர்ந்திருக்கும். உயர்ந்த கட்டடங்களில் உள்ளேயே பதித்திருக்கும் செங்குத்துக் குழாயை நாங்கள் அவ்வளவு அக்கறையோடு சோதிப்பது இதற்காகத்தான். அதன் வால்வைத் திருடிவிட்டுப் போகிறவருக்குத் தான் என்ன எடுத்துப் போகிறோம் என்று தெரியாது.

உள்ளே போகிறவர் முதுகில் இருக்கும் சிலிண்டரில், 300 பாரில் 6.8 லிட்டர் என்றால், ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40, 50 லிட்டர் போகும், பயந்தால் இன்னும் கூடும். வாசலில் ஒருவர் பலகையோடு நிற்பார். யார் உள்ளே போனார், எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தத்தோடு என்று எழுதி, எப்போது திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுவார். தீக்கு முதுகு காட்டி நின்று எழுதிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, இவரும் ஒரு ஹோஸைப் பிடிக்கலாமே என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்தப் பலகையில் இருக்கிறது. சிலிண்டர் 55 பார் அளவுக்கு இறங்கியதும் விசில் கத்தும், அந்த நேரத்தில் அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

களம் பெரிதானால் ஒருவர் எத்தனை பேரை நேரடியாக நடத்துவது என்ற கேள்வி வரும். 1970இல் கலிபோர்னியாவில் 13 நாட்களில் 16 பேர் இறந்து, 700 கட்டடங்கள் எரிந்தபோது, உதவிக்கு வந்த படைகள் ஒவ்வொன்றும் வேறு சொற்களிலும் வேறு அலைவரிசைகளிலும் பேசிக்கொண்டிருந்தன. அந்தப் பாடத்தில் உருவான கட்டளைமுறை இன்று பல நாடுகளில் புழங்குகிறது. ஒரு களத்துக்கு ஒரே தலைமை, ஒருவருக்குக் கீழே சுமார் ஐந்து பேர், அதற்கு மேல் போனால் களத்தைப் பிரித்துவிடு. எளிமையான விதிதான். பதற்றத்தில் முதலில் பறந்துபோவதும் அதுதான்.

மீட்பு வேலைகள் பல இடங்களில் தீயைவிட அதிகம். விபத்துக் காரை வெட்டுமுன் அது உருளாமல் கட்டை கொடுப்பது, பேட்டரியைத் துண்டிப்பது, வெடிக்காத ஏர்பேக் எங்கே என்று பார்ப்பது, பிறகு மருத்துவக் குழு சொல்லும் வேகத்தில் கூரையை எடுப்பது என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. கழிவுநீர்த் தொட்டி, கிணறு, சாக்கடைக் குழி பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக்கருவி இல்லாமல் இறங்குகிறவர்தான் அடுத்த பிணம். இத்தகைய சாவுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனம், இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் சொன்னது. தயவுசெய்து இறங்காதீர்கள். கயிறு விடுங்கள், அழைத்துச் சொல்லுங்கள், இறங்க வருகிற மற்றவர்களையும் தடுத்துப் பிடியுங்கள்.

ரசாயனம், வெடிபொருள் என்றால் வண்டியைக் காற்று வீசும் திசையைப் பார்த்துத் தள்ளியே நிறுத்துவோம், சரக்கு என்ன என்று தெரியும்வரை நெருங்க மாட்டோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளோடு வெடிபொருளும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்து, அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். இந்தியாவில் தீயணைப்புச் சேவை நாள் அந்தத் தேதியில் அமைந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

இவ்வளவு ஏற்பாடும் எங்கே உடைகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் தகவல் கைமாறும் இடத்தில். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்ட இரவில், தீயணைப்பு வண்டிகள் அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிலையம் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது, வெடித்த சத்தம் அங்கேயே கேட்டது. துப்பாக்கிச் சூடு நடக்கிறதோ என்ற ஐயத்தில் வண்டிகளைத் தொலைவான இடத்தில் கூடச் சொன்னார்கள், காவல்துறையிடமிருந்து தெளிவான செய்தி வரவில்லை, வந்ததும் உரியவரைச் சென்றடையவில்லை. அடுத்த மாதமே லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தது. தீ 00:54க்குத் தெரியவந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையைக் கைவிட 02:47 ஆனது. 72 பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்கள் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் புகை எங்கே, எந்த மாடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் செய்தி கீழே நின்ற கட்டளை அலுவலரிடம் போய்ச் சேரவேண்டிய வேகத்தில் சேரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில், மறுமுனையில் பேசியவர்களையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

தீ இல்லாத நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில், அழைப்பெல்லாம் தீ அல்ல. இங்கிலாந்தில் போகிற அழைப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பொய் எச்சரிக்கை. பெரும்பாலும் தானியங்கி அலாரம் தவறாக அடித்தது. அதற்கும் வண்டி போகத்தான் வேண்டும், போன நேரத்தில் காப்பு குறையத்தான் செய்யும். மற்ற நேரத்தில் பயிற்சி, ஹைட்ரன்ட் சோதனை, ஆபத்தான கட்டடங்களுக்குப் போய் வழிகளைத் தெரிந்துகொள்வது, பள்ளிகளில் பேசுவது, புதுக் கட்டடங்களின் படிக்கட்டையும் வெளியேறும் கதவையும் பார்ப்பது. என்னைக் கேட்டால், அதிகம் உயிர் காப்பது ஒரு வீட்டுக் கூரையில் மாட்டிய புகை அலாரமும், இரவில் மூடிவைத்த படுக்கையறைக் கதவும். அணைத்த தீயைப் பற்றிப் பேசுமளவுக்கு, தொடங்காமலே போன தீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் பணம் ஒதுக்கும்போது முதலில் வெட்டு விழுவதும் இந்த வேலைக்குத்தான், அது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

தீ அணைந்ததும் வேலை முடிவதில்லை. தொட்டியை நிரப்பி, நனைந்த ஹோஸை மாற்றி, சிலிண்டர்களைப் புதிதாக ஏற்றி, வயர்லெஸில் "தயார்" என்று சொன்ன பிறகுதான் கட்டுப்பாட்டு அறை அந்த வண்டியை மறுபடி எண்ணிக்கையில் சேர்க்கும். முன்பெல்லாம் புகை படிந்த கோட்டோடு அப்படியே நிலையத்துக்குத் திரும்புவோம், கறுத்த கோட்டு அனுபவத்தின் அடையாளம் என்று இளைஞர்கள் அதைத் துவைக்கவே மாட்டார்கள். தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்குவது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. இப்போது நல்ல படைகளில் களத்திலேயே கோட்டைக் கழற்றிப் பையில் கட்டுகிறார்கள், முகத்தையும் கழுத்தையும் அங்கேயே துடைக்கிறார்கள், மாற்று உடையோடுதான் வண்டியில் ஏறுகிறார்கள். அதற்கு ஆளுக்கு இரண்டு உடை வேண்டும். பல நிலையங்களில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.